முசாஃபிராக விடாத பள்ளத்தாக்கு

ஓய்வெடுக்கப் போகிற ஊரில் சொந்தக்காரர் இருக்கக் கூடாது. பயணம் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான். மதுரையில் ராவுத்தர் வீட்டில் பிறந்த ஒருவன், சனி ஞாயிறை அமைதியாகக் கழிக்கக் கம்பம் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தால் இந்த விதி தேனியிலேயே காலாவதியாகிவிடும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி ரோட்டில் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு ஒரு மாமி வீதம் நமக்கும் நிற்கிறார்கள்.

என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு இந்த நிலவரம் தெரியாது. அவர் குடும்பம் தலைமுறைகளாகக் கோலாலம்பூர். லீவுக்கு மதுரை வந்தவர், "மாப்ளே, ரெண்டு நாள் எங்கயாச்சும் போவோம். மலை வேணும், அருவி வேணும், டென்ஷன் இருக்கக் கூடாது. முக்கியமா, முஸ்லிம் ஃப்ரெண்ட்லியா இருக்கணும் லா" என்றார்.

அவர் ஊரில் அது பெரிய துறை. சிங்கப்பூரின் கிரெசன்ட் ரேட்டிங் நிறுவனமும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து 2015 முதல் முஸ்லிம் பயணிகளுக்கு எந்த நாடு தோது என்று தரவரிசை போடுகின்றன. மலேசியாதான் வழக்கமாக முதலிடம். அந்தப் பெருமையில் மச்சான் ஒரு பட்டியலும் கையோடு வைத்திருந்தார்: ஹலால் சாப்பாடு, தொழுவதற்கு இடம், அறையில் தொழும் திசை காட்டும் கிப்லா அம்புக்குறி, மது இல்லாத சூழல், பெண்கள் மறைவாகக் குளிக்க வசதி.

ரூம் எங்கே போடுவது என்ற பேச்சு எழுந்ததும் ஈசிச்சேரிலிருந்து பெரியத்தா தலையிட்டார்.

"எங்கப்பா தங்குறீங்க?"

"தேனியில பெரியத்தா."

"அது ஆகாது. கஸ்ரு கிடைக்காது."

ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் தாண்டிப் போகிறவன்தான் முசாஃபிர். அவன் நாலு ரக்அத் ஃபர்ளுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும்; அதுதான் கஸ்ரு. மதுரையிலிருந்து தேனி 75, 76 கிலோமீட்டர். "ஒரு மைலுக்குப் பஞ்சப்பட்டு நாலு ரக்அத்து தொழப் போறீங்களா?" என்றார். லாட்ஜை நட்சத்திரம் பார்த்து எடுப்பவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் ரக்அத் பார்த்து எடுப்போம். இன்னும் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிச் சின்னமனூர் என்று முடிவானது.

எப்படிப் போவது என்பது அடுத்த சர்ச்சை. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதை ரயில் 2022-ல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்து சேர்ந்தது. மச்சானுக்கு ரயில் ஆசை. ஆனால் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பிளாட்பாரத்தில் ஒரு மாமா நிற்பார். காரில் போனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தப்பிக்கலாம் என்று காரிலேயே போனோம்.

முதல் நிறுத்தம் ஒரு பரோட்டாக் கடை. மலேசியாவில் எதைத் தின்றாலும் ஜாக்கிம் ஹலால் முத்திரை இருக்கும். அந்தப் பழக்கத்தில் மச்சான், "ஹலால் சர்ட்டிபிகேட் எங்க மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர்தான் இருந்தது. பதிலுக்கு அவர் பக்கத்துக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். கறிக்கடைக்காரர் சர்ட்டிபிகேட் பற்றி ஒன்றும் பேசாமல் என் அத்தா பெயரைக் கேட்டார். சொன்னேன். "அட, கருத்த ராவுத்தர் காலேஜ்ல எங்கண்ணன் செட்டுல்ல!" என்றார். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. குறைந்தபட்சம் இரண்டு வருஷம் சீனியராவது இருப்பார்கள். பரோட்டாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் கார் சின்னமனூரைத் தொடுவதற்குள் செய்தி கூடலூரைத் தொட்டுவிட்டது.

சின்னமனூர் மாமி லாட்ஜைக் கேன்சல் செய்ய வைத்தார். "வீடு இருக்கையில ரூமா? ஊரு என்ன பேசும்?" மச்சான் பட்டியலை எடுத்துக் கிப்லா எந்தப் பக்கம் என்று விசாரித்தார். பள்ளத்தாக்கில் இதற்கு அம்புக்குறி தேவையில்லை. கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை. கேரளாவைப் பார்த்து நின்று லேசாக வலப்பக்கம் திரும்பினால் தீர்ந்தது.

கஸ்ரு விஷயத்தில்தான் ஏமாற்றம். முசாஃபிராக இருந்தாலும் உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் நாலு ரக்அத்தையும் முழுதாகத் தொழ வேண்டும் என்பது சட்டம். பாங்குச் சத்தம் எட்டாத இடம் அந்த ஊருக்குள் ஏது? ஒவ்வொரு வேளையும் மாமா எங்களை ஜமாஅத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். லுஹர் நாலு, அஸர் நாலு, இஷா நாலு. பெரியத்தா மைல் கணக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்த சலுகையை வீட்டில் தொழுத பெண்கள் மட்டும் அனுபவித்தார்கள்.

காலையில் சுருளி அருவி. அங்கே கோயிலும் உண்டு, அபூபக்கர் மஸ்தான் தர்காவும் உண்டு; ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க வரும் கூட்டமும் உண்டு. யானை இறங்கினாலோ வெள்ளம் வந்தாலோ வனத்துறை பூட்டிவிடும், ஆகையால் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பெண்கள் குளிக்கிற உடை பற்றி மச்சானுக்குக் கவலை. ஆஸ்திரேலியாவில் அஹேதா ஸனெட்டி என்பவர் 2004-ல் புர்கினி நீச்சலுடையை வடிவமைத்தார்; பின்னாளில் உலகமே அதைப் பற்றி விவாதித்தது. தமிழ்நாட்டு அருவிகளில் அந்த விவாதத்துக்கே வேலையில்லை. நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு, தேவைப்பட்டால் அதன் மேல் இன்னொரு துண்டு. எந்த மதத்துப் பெண் என்று அருவிக்கே தெரியாது.

திரும்பும் வழியில் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். ஜூஸுக்கு ஏற்றது, ஒயினுக்கும் ஏற்றது என்று தோட்டக்காரர் சொன்னதும் மச்சான் கடித்த பழத்தை வாயிலேயே நிறுத்திவிட்டார். மாமாதான் தீர்ப்புச் சொன்னார்: "பழம் ஹலால்தான் மாப்ளே. அது எங்க போய் ஊறுதுங்கிறது அதோட தலையெழுத்து."

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஊரின் சுபாவம் விளங்கியது. மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895-ல் இந்தப் பக்கம் திருப்பிவிட்ட இங்கிலீஷ் இன்ஜினீயர் அவர். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். தண்ணீர் கொடுத்த வெள்ளைக்காரரையே பங்காளி ஆக்கிக்கொண்ட ஊர், பாயாவும் இடியாப்பமும் மறுக்காமல் தின்கிற மச்சானை எப்படி விருந்தாளியாக விட்டுவைக்கும்?

மறுநாள் மேகமலை. சுபுஹு தொழுத கையோடு கிளம்பினால் வெயில் ஏறுமுன் மேலே போய்விடலாம். இருட்டுமுன் இறங்கினால் மஃரிபுக்குச் சின்னமனூர். வனத்துறை சோதனைச்சாவடியும் இருட்டில் வண்டி ஓடுவதை விரும்பாது. ஐவேளைத் தொழுகையையும் காட்டிலாகாவையும் ஒரே ஆள் உட்கார்ந்து நேரம் வகுத்ததுபோல அப்படிப் பொருந்தும். பொருந்தாதது மாமியின் காலை டிபன்தான். அந்தப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் சங்கப் பாடல்களில் வரும் ஒரு பூவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாயா, நெய்ச்சோறு, முட்டை என்று அடுக்கிக்கொண்டு ஏறிய எங்கள் பிள்ளைகள் சங்கப் பூக்களை வேறு விதமாகக் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பூவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பது இன்றும் அவர்களுக்கு மனப்பாடம்.

மேலே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டமும் ஏரியும் குளிரும். போனில் சிக்னல் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க யாராலும் முடியவில்லை. மச்சான் புல்லில் துண்டை விரித்துச் சுருக்கி இரண்டு ரக்அத் தொழுதார். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கஸ்ரு அது. தொழுது முடித்துக் காரைத் திறந்தால் டிக்கியில் மாமி கட்டி வைத்திருந்த பிரியாணித் தூக்கு.

இப்படி ஒரு ஓய்வுக்குத் திட்டமிடுவோருக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவை மதுரையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கம்பத்தில் போய்த் தொழுதால் ஸலாம் கொடுத்துத் திரும்புகையில் ஒரு பள்ளிவாசல் நிறையச் சொந்தக்காரர்கள் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்துவிடுவார்கள்.

விடைபெறும்போது மாமி காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்ன அவசரம்? ஒரு பதினஞ்சு நாளு இருந்துட்டுப் போனா என்னவாம்?" ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைத்தவன் முசாஃபிர் அல்ல என்பதும் ஹனஃபி சட்டம். மாமி மத்ஹபு தெரிந்துதான் பேசினார்.