டோக்கன் யார் கையில்?

ரயில் பாதையில் காலாற நடக்க வேண்டும் என்றால், முதலில் அதில் ரயில் ஓடக் கூடாது. சிங்கப்பூர் அந்த ஏற்பாட்டை 2011-லேயே செய்து முடித்துவிட்டது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை தீவின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த மலாயா ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில், அந்த ஆண்டு ஜூன் 30-ம் தேதி இரவு கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டிக்கொண்டு போனவர் ஜோகூர் சுல்தான். பிற்பாடு மலேசியாவின் மாமன்னரும் ஆனார். ஒரு லைனை மூடுவதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது. நம்மூரில் மூடினால் ஸ்டேஷன் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதையும் ஆடு தின்றுவிடும்.

தண்டவாளங்களைக் கழற்றி மலேசியாவிடமே ஒப்படைத்தாயிற்று. மிச்சமிருந்த 24 கிலோமீட்டர் நீளப் பாதை மரமும் செடியுமாகக் கிடந்தது. அதைச் சீர்படுத்தி, மக்களே நடங்கள் என்று விட்டார்கள். அந்த மக்களில் எங்களையும் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது.

காலை ஆறு மணிக்கு நடக்கலாம் என்றுதான் வாட்ஸ்அப்பில் பேச்சு ஆரம்பித்தது. பிறகு அது இட்லி, பிள்ளைகளின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டன், மட்டனுக்குப் பிந்தைய உறக்கம் என்று எல்லா நிலையங்களிலும் நின்று நின்று, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து 137 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊரில், பிற்பகல் மூன்று மணிக்கு நடக்க முடிவு செய்பவர்கள் இரண்டு வகை. ஒன்று ராணுவத்தில் இருப்பார்கள், அல்லது வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள்.

ஹில்வியூ எம்ஆர்டி வாசலில் ஐந்து பேர் கூடினோம். கைக்கடிகாரம் கட்டி ஒவ்வோர் அடியையும் எண்ணும் கணக்காளர். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அக்கா. தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன தம்பி. நான். ஐந்தாவது, ஸ்டேஷன் மாஸ்டரின் பேரன். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவராம். அந்தக் காலத்து ஸ்டேஷன்களிலும் ரயில்வே அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர். தாத்தா எப்போதோ ஓய்வுபெற்றுக் காலமாகிவிட்டார். ஆனால் பதவி காலியாகவில்லை. பேரன் ஏற்று நடத்தி வருகிறார்.

"எல்லாரும் வந்தாச்சோ? தண்ணி இருக்கோ? அப்ப கிளம்பலாம்" என்றார், கையில் இல்லாத பச்சைக் கொடியை ஆட்டி.

கொஞ்ச தூரத்திலேயே ரெயில் மால் பக்கத்தில் சாலைக்கு மேலே கறுப்புச் சாயம் பூசிய இரும்புப் பாலம். தம்பி அதைப் பார்த்ததும் ஓடினான். மேலே ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அண்ணே, தண்டவாளம் எங்க?"

"குடுத்தாச்சு தம்பி."

"யாருக்கு?"

"மலேசியாவுக்கு."

"எப்ப வரும்?"

தண்டவாளத்தின்மேல் இரண்டு கையையும் விரித்து நடக்கிற மாதிரி ரீல்ஸ் எடுக்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான் பாவம். புக்கிட் தீமா ஸ்டேஷனில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. அக்கா வேறு மேகத்தைப் பார்த்துவிட்டு, "இடி வரும்போலிருக்கு. இரும்புப் பாலத்து மேல நின்னு போஸ் குடுக்காதீங்க" என்று பாடம் எடுத்தார். அதுவரை யாரும் போஸ் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் கொடுத்தோம்.

பாலத்தைத் தாண்டினால் வலியில்லாத நடை. காரணத்தை அக்கா சொன்னார். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின்மேல் பிடிப்பு குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் என்ஜின் இழுக்கத் திணறும். அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சமமாக்கிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் நிற்கும் புக்கிட் தீமாதான் இந்தத் தீவிலேயே உயரமான குன்று. 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறோம், ஆனால் ஓர் அடி ஏறவில்லை. கணக்காளருக்கு முழங்காலில் தேய்மானம். நீராவி என்ஜினுக்காக அன்றைக்கு எடுத்த அக்கறை, அட்சரம் பிசகாமல் அவருக்குப் பொருந்தியது. "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா" என்றார் உருகிப்போய்.

"மண்ணை வெட்டினது வெள்ளைக்காரனா?" என்றான் தம்பி.

யாரும் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து மிதிவண்டி மணி அடித்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. இந்தப் பாதையில் இப்போது ரயிலுக்குப் பதில் மிதிவண்டிக்காரர்கள்தான். உடம்போடு ஒட்டிய ஆடை, கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, நின்று பேசக்கூட நேரமில்லாத முகம். ரயிலாவது தூரத்திலிருந்தே கூவும். இவர்கள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துதான் மணியைத் தொடுகிறார்கள்.

எங்கள் நடையில் உண்மையான சிக்கல் வேறு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். கணக்காளர் வீட்டு விலை பேசினார், அக்கா மின்னல் பேசினார், தம்பி மாயவரம் சந்திப்பு பேசினான், பேரன் தாத்தாவைப் பேசினார். நான் எல்லாருக்கும் "ம்" கொட்டினேன். அப்போதுதான் பேரன் ஒற்றைப் பாதையில் ரயில் விடுகிற முறையை விளக்கினார்.

ஒரே தண்டவாளம். எதிரும் புதிருமாக ரயில்கள். மோதாமல் இருப்பது எப்படி? இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள பகுதிக்கு ஒரு டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அந்த ஓட்டுநர் மட்டும்தான் உள்ளே போகலாம். ஒரு பெரிய வளையம், அதில் ஒரு சின்னப் பை, பைக்குள் டோக்கன். வண்டி நிற்காமல் மெதுவாகப் போகும். கீழே நிற்பவர் வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார், மேலே இருப்பவர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார், பழையதைக் கொடுப்பார். புக்கிட் தீமாவில் 2011-வரை இது நடந்தது. இப்போது விமான நிலையத்தில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் ஊரில், அன்றைக்குக் கையால் வளையத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நமக்கும் ஒரு டோக்கன் வைப்போம்" என்றார் அக்கா. அவருடைய இஞ்சி டீ பிளாஸ்க்தான் டோக்கன். அது கையில் இருப்பவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் லூப் லைனில் காத்திருக்க வேண்டும்.

முதல் டோக்கனைப் பேரனே எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் சொன்னதில் சரக்கு இருந்தது. 1903-ல் முதல் ரயில் டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியதாம். செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடு. சாலைகளுக்குக் குறுக்கே அடிக்கடி கேட் போட வேண்டியிருந்ததால், 1932-ல் லைனையே இந்தப் பக்கம் திருப்பித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தனி நாடான பிறகும் இந்த நிலம் மலேசிய ரயில்வேயின் கையில்தான் இருந்தது. 1998-ல் சிங்கப்பூர் தன்னுடைய குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரைவிட்டு நகரவில்லை. ஆகவே பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவார். பிறகு ரயிலேறி இருபது கிலோமீட்டருக்கு மேல் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்வார். அதற்குப் பிறகுதான் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்புவார். பேரன் அப்படிப் பல முறை போயிருக்கிறாராம்.

"நடுவுல இருந்தப்ப நீங்க எந்த நாட்டுல இருந்தீங்க அண்ணே?"

"ரயில்ல இருந்தன்" என்றார் பேரன். அதைவிடச் சரியான பதில் இரண்டு நாட்டு அமைச்சர்களிடமும் இருந்திருக்காது. இந்த ரயில் நிலம் பற்றி 1990-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, அதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்லி, 2010-ல்தான் ஒரு வழிக்கு வந்தார்கள்.

குரங்கு வந்தது இந்த இடத்தில்தான். சர்வதேச அரசியலில் நாங்கள் மூழ்கியிருந்தபோது, நீண்ட வாலுள்ள ஒரு பெரிய ஆண் குரங்கு மரத்திலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து வந்து, கணக்காளர் கையில் தொங்கிய பிளாஸ்டிக் பையைப் பிடித்தது. பிடுங்கவில்லை, பிடித்தது. கணக்காளரும் விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு குரங்கு பல்லைக் காட்டியது, கணக்காளர் விட்டார். அது பாதையோரத்தில் உட்கார்ந்து பையைக் கிழித்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தது, மூலையைக் கடித்துப் பிரித்தது, ஒரு முறுக்கை எடுத்து முகர்ந்தது, ஒட்டியிருந்த எள்ளை விரலால் ஒவ்வொன்றாகச் சுரண்டித் தின்றுவிட்டு முறுக்கைத் தூக்கிப் போட்டது. என் வீட்டில் செய்த முறுக்கு. இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

கணக்காளரின் கவலை வேறு. காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம். "நான் குடுக்கலை, அதுதான் எடுத்துச்சு. எல்லாரும் பார்த்தீங்கல்ல? எங்கயாவது கேமரா இருக்கா?" பார்க்காத மரமில்லை. தப்பு செய்யாத மனிதன் இவ்வளவு வேர்த்து நான் பார்த்ததில்லை.

"பிளாஸ்டிக் பை கொண்டுவராதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் அக்கா. டோக்கன் இல்லாமல் பேசியதாகப் பேரன் ஆட்சேபித்தார்.

புக்கிட் தீமா ஸ்டேஷன் வந்தபோது மணி ஐந்து. சின்னச் செங்கல் கட்டடம், ஒரு நடைமேடை, பெயர்ப்பலகை. ஊழியர் குடியிருப்பு காப்பிக்கடையாகிவிட்டது. தண்டவாளம் கொஞ்ச தூரம் அப்படியே இருந்தது. தம்பி கையை விரித்து நடந்தான். நாங்கள் மாறி மாறிப் படம் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு மணப்பெண் இருந்தாள். கல்யாண ஜோடிகள் அங்கே வரிசையில் நின்றார்கள்.

பேரன் நடைமேடையில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாத்தாவின் தொப்பி, தாத்தாவின் விசில், தாத்தா வந்தால் வண்டி எப்படி நேரத்துக்கு வரும் என்று ஆரம்பித்தார். எங்கள் திட்டத்தில் பாக்கியிருந்த கோயிலையும் சொன்னார். ரயில்வே தொழிலாளர்கள் 1932-ல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தையொட்டி முனீஸ்வரனுக்கு ஒரு குடிசை போட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயில். மாலை பூஜைக்குள் அங்கே நடந்தே போய்விடுவது என்றுதான் பேச்சு.

"ஸ்டேஷன் மாஸ்டர் பேரன் வந்திருக்கீங்க. தண்டவாளம் போட்டவங்க பேரன் யாரும் வரலையாண்ணே?" என்று தம்பி சாதாரணமாகத்தான் கேட்டான். "எங்க பாட்டியோட சித்தப்பா ஒருத்தர் மலாயாவுக்கு ரயில் ரோடு போடப் போனாராம். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினதோட சரி. ஊர்ல அவர் பங்கு நிலம் இன்னும் பிரிக்காம கிடக்கு."

பேரன் கையை முன்னால் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கை அவனிடம் நீட்டினார். "இந்தா, நீ கதை."

தம்பிக்கு அதற்குமேல் தெரிந்தது நிலத் தகராறு மட்டும்தான். அதைச் சுவையாகவே சொன்னான்.

காமன்வெல்த்வரை நடப்பது வாக்கெடுப்பில் தோற்றது. முழங்கால், மின்னல், பசி மூன்றும் கூட்டணி. கிங் ஆல்பர்ட் பார்க்கில் எம்ஆர்டி ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. முனீஸ்வரன் ரயில்வே சாமி, ரயிலில் வந்தால் கோபிக்க மாட்டார் என்று அக்காவே தீர்ப்பு சொன்னார்.

டவுன்டவுன் லைனில் ஓட்டுநர் கிடையாது. பேரன் முதல் பெட்டியின் முன்கண்ணாடியில் மூக்கை வைத்து, இருட்டுச் சுரங்கத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றார். கணக்காளருக்குப் பத்தாயிரம் அடி நிறைய இன்னும் சில நூறு பாக்கி. மூன்று பெட்டி ரயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க ஆரம்பித்தார். முட்டிவலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இரண்டாவது முறை முன்னால் வந்தபோது பேரன் திரும்பிப் பார்க்காமலே கையைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"எங்க டோக்கன்?"

கணக்காளர் அக்காவைப் பார்த்தார், அக்கா தம்பியைப் பார்த்தார். பிளாஸ்க் ஸ்டேஷன் பெஞ்சிலேயே இருந்தது.