பிடி, ஏற்று, இறக்கு, மறுபடியும் பிடி

கேப்காம் என்கிற ஜப்பான் கம்பெனி 2025 பிப்ரவரி 28 அன்று 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. 2004-இல் தொடங்கிய வரிசையின் புதுப் பாகம். மூன்றே நாளில் 80 லட்சம் பிரதிகள் போயின. கோயமுத்தூரில் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஐ.டி. பையன்கள், மாதத்தவணையில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப்போட்டு ராத்திரி முழுக்க ராட்சத மிருகங்களைத் துரத்தினார்கள்.

நல்ல ஆட்டம்தான். பதினான்கு வகை ஆயுதம். புழுதிப்புயல் அடித்து ஓய்ந்தால் அதே நிலம் பச்சை பிடித்துச் செழிக்கும். மிருகங்கள் மந்தையாகத் திரியும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பசித்தால் மேயும், அடிபட்டால் நொண்டிக்கொண்டு தன் குகைக்கே போய்ப் படுக்கும். கொல்ல மனமில்லையா? பொறி வைத்து, மயக்கக் குண்டு இரண்டு வீசினால் உயிரோடு பிடித்துவிடலாம். பிடித்த மிருகம் அப்புறம் எங்கே போகிறது என்று ஆட்டத்தில் யாரும் கேட்பதில்லை. பரிசுப் பெட்டி திறக்கும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. கம்ப்யூட்டரில் ஆட்டம் திக்கித் திணறியது. சாதாரணத் திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 'ஃபிரேம் ஜெனரேஷன்' போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே பரிந்துரைத்தது. அதாவது, இயந்திரம் உருவாக்காத படங்களை நடுவில் ஊகமாகச் செருகி, எல்லாம் சீராக ஓடுவதுபோல் காட்டும் உத்தி. நம் அரசு ஆபீஸ் கோப்புகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இன்னொரு குறை, ஆட்டம் ரொம்பச் சுலபம், கதை முடிந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் பொருமியது. வாங்கியவர்கள் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மாதக்கணக்கில் கழுவி ஊற்றினார்கள்.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி ஒன்று இருக்கிறது. அடித்த மிருகத்தின் தோலையும் எலும்பையும் கொல்லரிடம் கொடுத்தால் அதிலேயே ஆயுதம் அடித்துத் தருவார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த மிருகத்தை வீழ்த்த வேண்டும். வீழ்ந்ததை வைத்தே அடுத்ததை வீழ்த்துவது. இதைக் கண்டுபிடித்த ஜப்பான் மூளையை உலகமே மெச்சுகிறது. கோயமுத்தூர்க்காரனாக எனக்கு மெச்சத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரும் இல்லாமல் கார்டும் இல்லாமல் இதையே நாங்கள் நிஜ யானையை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம்.

முதல் பாகம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கில். விநாயகன், சின்னத்தம்பி என்று இரண்டு ஆண் யானைகள். பெயர் வைத்ததும் ஊர்தான், பிடித்துக்கொண்டு போகச் சொன்னதும் ஊர்தான். 2018 டிசம்பரில் விநாயகனைப் பிடித்து முதுமலைக்கு அனுப்பினார்கள். 2019 ஜனவரி 25-இல் சின்னத்தம்பி. மயக்க ஊசி, பழக்கிய யானைகளான கும்கிகள் நெட்டித்தள்ள லாரி, கழுத்தில் ரேடியோ காலர், டாப்சிலிப்புக்கு அந்தப் பக்கம் வரகளியாற்றில் இறக்கம். காயத்தோடு லாரியில் நின்ற படத்தைப் பார்த்து ஆர்.எஸ்.புரம் காபிக்கடைகளில் கண்ணீர் பெருகியது. நாமும் ஒரு ஸ்டேட்டஸ் வைத்தோம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சின்னத்தம்பி காட்டைவிட்டு இறங்கி நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டி, உடுமலை போய், அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பைத் தின்றுகொண்டு நின்றது. யாரையும் அடிக்கவில்லை. துரத்த வந்த கும்கியோடு சிநேகமாகி விளையாடிக்கொண்டிருந்த படமெல்லாம் பேப்பரில் வந்தது. நூறு கிலோமீட்டர் நடந்து வந்த யானையைப் பார்த்து அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும், எங்கே போகிறது இது என்று. எழுந்த யோசனை வேறு. இதைக் கும்கி ஆக்கிவிடலாம் என்று வனத்துறை மந்திரி வாயாலேயே வந்தது. எதிர்ப்பு, ஹைகோர்ட் வழக்கு, எல்லாம் நடந்தது. பிப்ரவரி 15-இல் மறுபடி ஊசி, மறுபடி லாரி. இந்தமுறை இறக்கியது காட்டில் இல்லை, கரோல் என்கிற மரக்கூண்டில். கொல்லர் பட்டறைக்குச் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டாம் பாகம் 2023. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு மக்னா, தந்தமில்லாத ஆண் யானை, வயல்களில் புகுந்தது. அதைப் பிடிக்கப் போன கும்கி யார்? சின்னத்தம்பி. நான்கே வருடத்தில் குற்றவாளிக்குக் கான்ஸ்டபிள் உத்தியோகம். ஜப்பான்காரனே, கேட்டுக்கொள்: நீ தோலையும் எலும்பையும் மட்டும்தான் ஆயுதமாக்கினாய். நாங்கள் முழு யானையையும், அதன் ஞாபகத்தோடு சேர்த்து ஆயுதமாக்கினோம்.

பிடித்த மக்னாவை எங்கே விட்டார்கள் என்கிறீர்கள்? அதே வரகளியாறு. சின்னத்தம்பி எந்தக் காட்டில் நிற்கமாட்டேன் என்று நடந்தே சொல்லிவிட்டுப் போனதோ, அதே காடு. பிப்ரவரி முதல் வாரம் விட்டார்கள். மக்னா பொள்ளாச்சியைத் தாண்டி, மதுக்கரையைத் தாண்டி, கோயமுத்தூர் நகர எல்லைக்குள்ளேயே நடந்து வந்தது. "ஏனுங்க, யானை குனியமுத்தூருக்கே வந்திருச்சாமுங்களே" என்று வாட்ஸாப் குழுக்கள் அலறின. வனத்துறை, போலீஸ், டிவி வண்டி, பைக்கில் செல்ஃபிப் படை எல்லாம் பின்னாலேயே ஊர்வலம் போயின. பிப்ரவரி 23-இல் பேரூர்ப் பக்கம் பிடித்து, மறுபடி மலையேற்றி, மானாம்பள்ளியில் இறக்கினார்கள். அங்கிருந்தும் இறங்கி வந்தது. ஜூலை 31-இல் பொள்ளாச்சிக்குப் பக்கம் சரளபதியில் மூன்றாம் முறை ஊசி. இறக்கிய இடம் சின்னக்கல்லாறு. ஒரே மிருகத்தை ஒரே வருடத்தில் மூன்று தரம் பிடிக்கும் ஆட்டத்தைக் கடைக்காரன் விற்றால், பாகம் இரண்டு என்று சொல்லிப் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவன் சட்டையைப் பிடிப்போம். இங்கே அதற்குப் பெயர் 'வெற்றிகரமான நடவடிக்கை', கீழே அதிகாரிகள் குழுப் புகைப்படம்.

மூன்றாம் பாகம் 2025 அக்டோபர், தொண்டாமுத்தூர். யானையின் பெயர் ரோலக்ஸ். 'விக்ரம்' படத்தில் சூர்யா செய்த வில்லன். விநாயகனில் தொடங்கி ரோலக்ஸில் வந்து நிற்கிறோம். சாமியாக இருந்தது தம்பியாகி, தம்பியாக இருந்தது வில்லனாகிவிட்டது. மயக்க ஊசி போடப் போன கால்நடை மருத்துவரை அது தள்ளிவிட்டுக் காயப்படுத்தியது. கடைசியில் பிடித்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? டாப்சிலிப். இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு மேப்தான் போலிருக்கிறது.

மேப் என்றதும் தடாகம் ஞாபகம் வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீரபாண்டி, சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், பன்னிமடை, சோமையம்பாளையம் என்று ஐந்து ஊராட்சிகளில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, பனைமர உயரத்துக்குப் பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஒற்றை மேடு மிச்சம் நிற்கும், அதன் உச்சியில் ஒரு கரண்டுக் கம்பம். கம்பத்தைத் தோண்டினால் ஈ.பி.காரன் வருவான் என்பதால் விட்டுவைத்த மண். ஓடை போன தடத்தில் லாரித் தடம். நூற்றுக்கு மேற்பட்ட செங்கல் சூளைகள் வருடக்கணக்கில் அனுமதியில்லாமல் எரிந்தன. 2021-இல் கோர்ட் சொல்லித்தான் மூடினார்கள். சூளைக்கு விறகாகப் பனைமரத்தை வெட்டி அடுக்கிவைப்பார்கள். பனஞ்சோறு என்றால் யானைக்கு உயிர். வலசைப் பாதையில் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் ஓரத்தில் விருந்தும் வைத்துவிட்டு, யானை ஊருக்குள் வருகிறது, பிடித்துப் போங்கள் என்று மனு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் சூளைக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் துணிச்சல் எந்த ஆபீசருக்கும் வந்ததில்லை.

ஜப்பான் ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆல்மா என்றொரு பெண் அதிகாரி கூடவே வருவாள். அவள் அனுமதி என்று சொன்னால்தான் மிருகத்தின்மேல் கை வைக்கலாம். வேட்டைக்காரர் சங்கத்தின் சட்டம் அது, இயற்கையின் சமன் கெடக்கூடாது என்று. பொம்மை உலகத்திலேயே அவ்வளவு கறார். நம்மூரிலும் சட்டம் உண்டு. மலையடிவாரக் கிராமங்களில் கட்டடம் கட்ட 'ஹாக்கா' என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். கட்டி முடித்து, குடிபுகுந்து, கும்பாபிஷேகம் நடத்தி, சாவகாசமாக விண்ணப்பித்தால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மருதமலையிலிருந்து சிறுவாணி அடிவாரம் வரை ரிசார்ட், காலேஜ், ஆன்மிக வளாகம், 'ஹில் வியூ' சைட். பத்தடி மதில், மதிலின்மேல் கரண்டுக் கம்பி, கேட்டில் யானைச் சிலை. வாழும் யானைக்கு வழியில்லை, சிமென்ட் யானைக்குத் தினமும் மாலை. யானையைப் பிடிக்க உத்தரவு வாரத்தில் வருகிறது. ஒரு மதிலை இடிக்க உத்தரவு வந்து, அது ஸ்டே ஆகி, ஸ்டே நீண்டு, கேஸ் நடத்திய வக்கீலின் மகன் சீனியர் வக்கீல் ஆகிறான்.

2024 ஏப்ரலில் தமிழக வனத்துறை 42 யானை வழித்தடங்களை அடையாளம் காட்டி ஒரு வரைவு அறிக்கை போட்டது. கருத்துச் சொல்ல மக்களுக்குக் கொடுத்த அவகாசம் சொற்ப நாள். கூடலூர்ப் பக்கம் சாதாரண ஜனம் வீடு போகுமோ என்று தெருவுக்கு வந்தது, நியாயம்தான். ரிசார்ட்காரர் யாரும் தெருவுக்கு வரவில்லை. அவருக்குத் தெருவுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை.

விமர்சனம் என்றால் பாராட்டையும் சொல்ல வேண்டும். இரண்டு இருக்கிறது. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை பக்கம் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன்பிறகு மதுக்கரையில் 7.24 கோடி ரூபாய் செலவில், கோபுரங்களில் கேமரா வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினாலே ரயில்வேக்குத் தகவல் போகும் ஏ.ஐ. அமைப்பு 2024 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. நன்றாகவே ஓடுகிறது. ரயிலைத்தான் வேகம் குறைக்கச் சொல்கிறது, யானையை லாரியில் ஏற்றச் சொல்லவில்லை. இந்தப் புத்தி தண்டவாளத்தை விட்டு ஒரு மைல் தள்ளி ஏன் வேலைசெய்வதில்லை என்பது பொறியாளர்களுக்கான கேள்வி இல்லை.

இன்னொன்று, டாப்சிலிப்பில் உள்ள கோழிகமுத்தி யானை முகாமின் பாகன்களும், அவர்களின் உதவியாளர்களான காவடிகளும். மலசர் பழங்குடியினர். கலீம் என்கிற கும்கி 99 நடவடிக்கைகளில் நின்று, அறுபது வயதில் 2023 மார்ச்சில் அரசு மரியாதையோடு ஓய்வு பெற்றது. ஒவ்வொரு நடவடிக்கையிலும் அதன் கழுத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். எந்த யானை எப்போது திரும்பும் என்று காது அசைவில் கண்டுபிடிக்கிற ஆள். தடாகத்தில் சூளைக்கு மண் எடுக்கலாமா என்று அவனை யாராவது கேட்டார்களா? பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

தோட்டக்காரரை நான் குறை சொல்லப்போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சாளைக்கு வெளியே வாழைத்தோப்பு சடசடவென்று முறிவதைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளி, டார்ச்சும் பட்டாசும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. விடிந்தால் கூலிக்குப் போகும் வழியில் யானை மிதித்துச் செத்தவர்களின் குடும்பங்கள் இந்த அடிவாரம் நெடுகிலும் இருக்கின்றன. அவர்களுக்கு நஷ்டஈட்டுக் காசோலையும், யானைக்கு லாரியும் கொடுத்தால் இரண்டு கணக்கும் தீர்ந்தது. கணக்கில் வராத மூன்றாவது ஆள் பத்தடி மதிலுக்கு உள்ளே தூங்குகிறார். ஆட்டத்தில் குறிவைக்க முடியாத ஒரே பாத்திரம் அவர்தான். எந்த ஆயுதத்தால் அடித்தாலும், அடியின் அளவைக் காட்டும் நம்பர் அவர் மேல் விழாது.

ஸ்டீமில் ஒரு வசதி உண்டு. வாங்கிய ஆட்டம் பிடிக்கவில்லையென்றால், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பதினான்கு நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கேள்வி கேட்பதில்லை. சின்னத்தம்பி ஒரு வாரத்துக்குள்ளேயே கேட்டது. மக்னா இரண்டு தடவை கேட்டது, நூறு கிலோமீட்டர் நடந்துவந்து, நம் ஊர் வாசலிலேயே நின்று கேட்டது. விண்ணப்பம் முறையான படிவத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், லாரி வாடகை அரசுச் செலவில்.