மடிக்கணினி சார்ஜர் வாயும் மணப்பாறை நுகத்தடியும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

யாழுக்கு எத்தனை நரம்பு, கபாடபுரம் எந்தக் கடலடியில் என்பன போன்ற கேள்விகளுக்குத் தமிழாய்வுலகம் நூறாண்டாக விடை தேடி வருகிறது. அதே உலகம், நாள்தோறும் கடைத்தெருவில் ஒலிக்கும் ஒரு கேள்வியை மட்டும் தொடாமலே விட்டுவிட்டது. “அண்ணே, சின்ன பின் சார்ஜர் இருக்கா?” என்பதே அக்கேள்வி. இதற்கு வரும் “பெரிய பின்தான் இருக்கு” என்ற விடையில் கால் நூற்றாண்டு மின்னணு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அந்த வரலாற்றை மணப்பாறையை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முறுக்கை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்துக்கு இவ்வாய்வில் ஒரே ஓர் இடத்தில்தான், அதுவும் எண்ணெய்ச் சட்டியின் அளவில்தான், வேலை இருக்கிறது.

நம் கருதுகோள் இது. லேப்டாப் சார்ஜருக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று சுவரில் செருகுவது, மற்றது கணினியில் செருகுவது. சுவர்முனை ஊருக்குச் சொந்தம், கணினிமுனை கம்பெனிக்குச் சொந்தம். மாறிக்கொண்டே இருப்பது கம்பெனிக்குச் சொந்தமான முனை மட்டுமே. ஆகவே இம்மாற்றத்துக்குக் காரணத்தை மின்சாரத்தில் தேடுவது வீண், உடைமையில்தான் தேட வேண்டும்.

முதலில் சுவர்முனையைப் பார்ப்போம். நம் வீடுகளில் உள்ள மூன்று உருண்டைத் துளை சாக்கெட் வெள்ளைக்காரன் விட்டுச்சென்றது. அவன் 1947இல் தன் ஊரில் தட்டைக்கால் பிளக்குக்கு மாறிக்கொண்டான். நாம் மாறவில்லை. உருண்டைக் காலையே ஐ.எஸ். 1293 என்று எண்ணிட்டு நம் தரமாக்கிக்கொண்டோம். இதனால் தாத்தா காலத்து இஸ்திரிப்பெட்டியின் பிளக்கும் பேத்தியின் லேப்டாப் பிளக்கும் ஒரே சுவரில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. சுவரிலிருந்து செங்கல் போன்ற அடாப்டர் வரை வரும் வயரின் மறுமுனை, மூன்று இலை சேர்ந்தாற்போல் இருக்குமே, அதுவும் ஐ.இ.சி. 60320 என்ற உலகத் தரத்துக்கு உட்பட்டது. எந்தக் கம்பெனியின் செங்கல்லை எடுத்தாலும் பெரும்பாலும் அந்த வயர் பொருந்திவிடும். அதாவது சுவரிலிருந்து செங்கல் வரை இராமராஜ்ஜியம். செங்கல்லைத் தாண்டி இரண்டு முழம் போனால் ஐம்பத்தாறு தேசம்.

அந்த ஐம்பத்தாறு தேசத்தைச் சற்றே சுற்றிப் பார்க்கலாம். ஐ.பி.எம். திங்க்பேட் 16 வோல்ட்டும் சிறிய உருண்டை வாயுமாக இருந்தது. லெனோவா கைக்கு வந்த பின் 2006 வாக்கில் 20 வோல்ட்டும் 7.9 மில்லிமீட்டர் பெரிய வாயும் ஆயிற்று. 2013இல் அது மஞ்சள் நிறச் செவ்வக வாயாகி, பிறகு டைப் சி ஆனது. டெல்லும் எச்.பி.யும் 7.4 மில்லிமீட்டர் வாயிலிருந்து 4.5க்கு மெலிந்தன. நம் ஆய்வுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சான்று இந்த 7.4தான். டெல் சார்ஜர் எச்.பி.யிலும், எச்.பி. சார்ஜர் டெல்லிலும் வழுக்கிக்கொண்டு நுழையும். நுழைந்த பின் வேலை நடக்குமா என்பது வேறு கதை. நடுவில் இருக்கும் ஊசி போன்ற கம்பி மின்சாரம் கொண்டுவருவதற்காக இல்லை, குலம் கோத்திரம் விசாரிப்பதற்காக இருக்கிறது. டெல் செங்கல்லுக்குள் ஒரு சில்லு உட்கார்ந்து “நான் இன்னார், இத்தனை வாட்” என்று சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் கணினி ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது. வந்த விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைத்து, சோறு மட்டும் போடாமல் அனுப்பும் மரபு இது.

மின்சாரத்தின் தேவைதான் வாயை மாற்றியது என்போர், செங்கல்லின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏசர், தோஷிபா வகையில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர். டெல்லில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். எச்.பி.யின் பழைய வகையில் 18.5 வோல்ட், 3.5 ஆம்பியர். லெனோவாவில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் எல்லாம் 65 வாட்டுக்கு அருகிலேயே வந்து நிற்கின்றன. இன்றைய டைப் சி செங்கல்லிலும் அதே 20, அதே 3.25, அதே 65. இருபது ஆண்டாகச் சாதாரண லேப்டாப் கேட்பது ஒரே அளவுப் படி அரிசிதான். படியின் வாயை மட்டும் சதுரமாகவும் வட்டமாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.பி.எம். 16இலிருந்து 20க்குப் போனபோது வாய் மாறியதில் நியாயம் உண்டு, பழைய செங்கல்லைத் தவறிச் செருகிவிடக் கூடாது அல்லவா. அந்த ஒன்றை விட்டுக்கொடுப்பதால் நம் கருதுகோளுக்குச் சேதமில்லை.

இப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த பழக்கமும் அன்று. திருச்சி வட்டாரம் இதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861லும் திருச்சிக்கு 1862லும் வந்த ரயில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் வந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1875இல், அதே பாதையைப் பிடுங்கி 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். அதே 1875இல் திருச்சி–மதுரை வழித்தடம் மீட்டர் பாதையாகவே பிறந்து மணப்பாறையைத் தொட்டது. பிறகு 1992இல் ஒரே பாதைத் திட்டம் வந்து, படிப்படியாக எல்லாம் மறுபடி அகலமாயிற்று. அகலம், குறுகல், மீண்டும் அகலம். இதையே ஆப்பிள் கம்பெனியின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமை திகைக்கவைக்கும். 2006இல் காந்த வாய் வந்தது. வயரில் கால் தடுக்கினால் கணினி விழாமல் வாய் மட்டும் கழன்றுகொள்ளும் ஏற்பாடு. ஜப்பானியர் வீட்டு எண்ணெய்ச் சட்டிகளில் கொதிக்கும் எண்ணெய் கவிழாதிருக்க முன்பே இருந்த உத்திதான் இது. (முறுக்குக்கு ஒதுக்கிய இடம் இத்துடன் முடிந்தது.) 2012இல் காந்த வாய் மெலிந்து பழையது பொருந்தாமல் போனது. அதற்கு ஓர் இடைத்துண்டு தனியே விலைக்கு விற்றார்கள். 2016இல் மேக்புக் ப்ரோவில் காந்தத்தையே எடுத்துவிட்டு டைப் சி வைத்தார்கள். 2021இல் காந்தம் திரும்பி வந்தது, ஆனால் முந்தைய இரண்டு காந்தத்துக்கும் பொருந்தாத மூன்றாம் காந்தமாக. ரயில்வேயாவது பழைய அளவுக்கே திரும்பிற்று. மீட்டர் பாதையையும் அது முற்றாகக் கைவிடவில்லை. நீலகிரி மலைக்கு ஏறும் நீராவி எஞ்சினுக்கு இன்றும் பொன்மலைப் பணிமனையில் வைத்தியம் நடக்கிறது. பழைய லேப்டாப்புக்குப் பொன்மலை எங்கே?

இனி நுகத்தடிக்கு வருவோம். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பல மாவட்டத்து மாடுகள் வருகின்றன. விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், வண்டி செய்த ஆசாரி இன்னொருவர். மூவரும் ஒருவரையொருவர் கலந்து பேசியதில்லை. ஆனாலும் இன்று வாங்கிய மாட்டை நாளைக் காலை நுகத்தடியின் கீழ் நிறுத்திப் பூட்டாங்கயிற்றைப் போட்டால் வண்டி நகர்கிறது. “இந்த மாடு எங்கள் நுகத்தடியில் மட்டுமே பூட்டத் தக்கது” என்று எந்த வியாபாரியும் சொன்னதாகச் சான்றில்லை. சொல்லியிருந்தால் சந்தையில் அவருடைய மாடு மட்டும் விற்காமல் நிற்கும். காரணம், நுகத்தடி மாடு விற்பவர் கையில் இல்லை, வண்டிக்காரர் கையில் இருக்கிறது. இன்னொரு நுட்பமும் அச்சந்தை மரபில் உண்டு. விலை பேசும்போது துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதில் பேரம் நடந்து முடியும். டைப் சி வயருக்குள் நடப்பது அச்சு அசலாக இதுதான். செருகியவுடன் செங்கல் 5 வோல்ட் மட்டும் தருகிறது. பிறகு தனியான ஒரு மெல்லிய கம்பி வழியே “என்னிடம் 5, 9, 15, 20 உண்டு” என்கிறது. கணினி வேண்டியதைக் கேட்கிறது. ஒப்புக்கொண்ட பிறகே வோல்ட் ஏறுகிறது. டெல்லின் நடு ஊசியும் பேசத்தான் செய்தது, ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள் பேசும் பேச்சு. டைப் சி பேசுவது சந்தைப் பேச்சு, யார் வேண்டுமானாலும் துண்டுக்குள் கை விடலாம்.

இதற்குப் பரபக்கத்தார் எழுப்பும் தடைகள் சில உண்டு. வாயைச் சட்டத்தால் நிறுத்திவிட்டால் புதுமை நின்றுவிடும் என்பது முதல் தடை. 2014இல் வெளியான டைப் சி வாய் 24 தொடுமுனையோடு அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. அதே வாய்க்குள் 100 வாட்டாக இருந்த வரம்பு 2021இல் 240 வாட்டுக்கு உயர்ந்தது. புதுமைக்கு வேண்டியது உள்ளே பேசும் பேச்சில்தான் இருக்கிறது, வாயின் வடிவத்தில் இல்லை. ஆப்பிளே மூன்றாம் காந்தத்தோடு டைப் சி வழியாகவும் மின்னூட்ட வழி வைத்திருக்கிறது. வேண்டியவர் வேண்டிய வாயால் உண்ணலாம்.

மலிவுச் சார்ஜர்கள் ஆபத்து, எனவே குலம் விசாரிப்பது பாதுகாப்புக்காகவே என்பது இரண்டாம் தடை. இதில் பாதி உண்மை. பழைய உருண்டை வாயில் செருகிய மறுகணமே 19 வோல்ட் பாயும், கேள்வி கிடையாது. அந்த நிலையில் சந்தேகப்படுவது குற்றமன்று. ஆனால் எத்தனை வாட் என்று கேட்பது பாதுகாப்பு, எந்தக் கம்பெனி என்று கேட்பது வேறு.

மூன்றாவது தடைதான் உண்மையில் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாய் ஒன்றானாலும் வயர் ஒன்றாகவில்லை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு டைப் சி வயர்களில் ஒன்று 60 வாட்டோடு நின்றுவிடும். மற்றது உள்ளே ஒரு சில்லு இருப்பதால் 240 வரை தாங்கும். போன் சார்ஜரை லேப்டாப்பில் செருகினால் ஏறுவதுபோல் பாவனை காட்டி, திரையில் “மெதுவாக” என்று எழுதிக் காட்டும். சில லேப்டாப்பின் டைப் சி துளை தகவலுக்கு மட்டும் திறந்து, மின்சாரத்துக்கு மூடியிருக்கும். முன்பு பொருந்தாதது பெரும்பாலும் நுழையவே நுழையாது, இப்போது நுழைந்துவிட்டு ஏமாற்றுகிறது. இந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்கிறோம். பரிகாரம் வாயைப் பழையபடி பலவாக்குவதில் இல்லை. வயரின் கழுத்தில் எத்தனை வாட் என்று கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதுவதில் இருக்கிறது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறியும் சந்தையில் இது பெரிய கோரிக்கை ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினி தந்தது. மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் டெண்டரில் பல கம்பெனிகள் வந்தன, பல மாடல்கள் வந்தன. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு வருடம், தம்பிக்கு ஒரு வருடம் கிடைத்த கணினிகளுக்கு ஒரே சார்ஜர் போதும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்குவது லட்சக்கணக்கில் என்றால் நுகத்தடி வாங்குபவர் கையில்தான் இருக்கிறது. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் வியாபாரி மாட்டைப் பழக்கிக்கொண்டு வருவார். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வரியைச் சட்டமாகவே எழுதிவிட்டது. போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப் சி வாய் கட்டாயம். நம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 நவம்பரில் கம்பெனிகளைக் கூட்டிப் பேசி டைப் சிக்கு இசைவு பெற்றது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கான தரத்தை வெளியிட்டது. ஆக, இந்தியாவில் நுகத்தடிக்கு அளவு எழுதியாகிவிட்டது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோளோடு ஆய்வை நிறைவு செய்யலாம். பீரோவின் மேல் உள்ள அட்டைப் பெட்டியில் பழைய சார்ஜர்கள் பாம்புபோல் பின்னிக் கிடக்கும். அவற்றை மொத்தமாகப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொன்றிலும் சுவர்ப்பக்க வயரை மட்டும் இழுத்துக் கழற்றி எடுத்து வையுங்கள். கடைகளில் அதைப் பலர் காசு கொடுத்து வாங்குகிறார்கள், உங்களிடம் உள்ளதும் அநேகமாகப் பொருந்திவிடும். செங்கல்லையும் அதன் வாலையும் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.