டாக்டரைக் கட்டிப்போட்ட ஊர்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தைப் படைத்த அன்று கடவுள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்திருக்க வேண்டும். தெற்குப் பக்கம் மேடு இல்லை, மறைவு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைதான். வீட்டு நாய் ஓடிப்போனால் மூன்று நாளைக்கு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள். டாக்டர் ஓடிப்போனாலும் அதே கதைதான். அங்கே ஆஸ்பத்திரி வரலாறு என்பது, டாக்டரை ஓடவிடாமல் ஊரார் பட்ட பாட்டின் வரலாறு.

அந்தக் காலத்தில் குடியேற வந்தவர்களிடம், பத்து டாலர் கட்டு, 160 ஏக்கரை எடுத்துக்கொள், வீடு கட்டி உழுது மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் நிலம் உனக்கே என்றது அரசு. 'தாக்குப்பிடி' என்ற சொல்லில்தான் சூட்சுமம். மைனஸ் 40 டிகிரி குளிர் அங்கே வந்துபோகிற விருந்தாளி. செல்சியஸும் பாரன்ஹீட்டும் தகராறை விட்டு ஒத்துப்போகிற ஒரே புள்ளி அது. அந்தக் குளிரில் குடல்வால் வெடித்தால் டாக்டர் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் வருவார். ஆபரேஷன் தியேட்டர்? சமையலறை மேஜை. மேலே மண்ணெண்ணெய் விளக்கு, அடுப்பில் கத்தி கொதிக்கும் பாத்திரம், விளக்கைப் பிடித்தபடி மயங்கி விழத் தயாராக நிற்கும் மச்சினன். தையல் போட்டு முடித்து மேஜையைத் துடைத்தால் அடுத்த வேளைச் சாப்பாடு அதன்மேல்தான்.

ஃபீஸ் ஒரு கோழி. விளைச்சல் நன்றாக இருந்தால் கூடவே ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. கோழியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் டாக்டர் குடித்தனம் நடத்துவார்? பெட்டியைக் கட்டினார்.

1914-இல் சார்னியா என்ற ஊராட்சியில் இதுதான் நடக்கவிருந்தது. உறுப்பினர்கள் கூடி யோசித்து, நிலவரிப் பணத்திலிருந்து வருஷத்துக்கு 1,500 டாலர் தருகிறோம், போகாதீர்கள் என்று டாக்டரை மடக்கினார்கள். ஊர்ப் பணத்தில் டாக்டர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தூசு. 1916-இல் மாகாண அரசே இவர்கள் பின்னால் ஓடிவந்து சட்டத்தைத் திருத்தியது. அந்த ஊராட்சியின் அலுவலகம் இருக்கும் ஊருக்குப் பெயர் ஹோல்ட்ஃபாஸ்ட். தமிழில் சொன்னால், 'விடாதே, பிடி!' பெயர்ப் பொருத்தம் பார்க்க ஜோசியரே தேவையில்லை.

டாக்டரைப் பிடித்தாயிற்று, அவரை உட்கார வைக்க இடம்? ஆண்டிகள் கூடி மடம் கட்டினாற்போல என்று நாம் கிண்டல் செய்வோம். சஸ்காச்சுவான் ஆண்டிகள் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் கூட்டுச் சேர்ந்து, கடன் வாங்கி, வரி போட்டு ஆஸ்பத்திரி நடத்தலாம் என்று 1916-இல் ஒரு சட்டம் வந்தது. ரயில் நிலையம், தானியக் கோபுரம், ஆஸ்பத்திரி மூன்றும் இருந்தால்தான் ஊர் என்று மதிப்பு. இல்லாவிட்டால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள் என்கிற அளவுக்குக் கௌரவப் பிரச்சினை.

பிறகு வந்தார் டாமி டக்ளஸ். சிறுவயதில் எலும்பு அழுகும் நோயில் கால் போக இருந்தது. மாணவர்கள் வேடிக்கை பார்க்கச் சம்மதித்தால் காசு வேண்டாம் என்றார் ஒரு சர்ஜன். ஓசி ஆபரேஷனில் பிழைத்த அந்தக் காலோடு அவர் குத்துச்சண்டை ஆடினார், 1922-இல் மனிடோபாவின் லைட்வெயிட் சாம்பியன் ஆனார், பாதிரியார் ஆனார், 1944-இல் 52 தொகுதிகளில் 47-ஐ வென்று முதல்வரும் ஆனார். 1946-இல் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் வைத்தியத்துக்குப் பொதுக்காப்பீடு. 1947-இல் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிக் காப்பீடு: தலைக்கு ஐந்து டாலர், குடும்பத்துக்கு எவ்வளவு தலை இருந்தாலும் முப்பது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்குத் தள்ளுபடி விற்பனை!

1962 ஜூலை 1 அன்று டாக்டர் ஃபீஸையும் அரசே தரும் திட்டம் தொடங்கியது. அன்றே டாக்டர்கள் கதவைச் சாத்தினார்கள். ஒரு டாக்டர் ஓடினாலே நடுங்கிய மாகாணத்தில் ஒட்டுமொத்தமாக ஓட்டம்! அவசர சிகிச்சை மட்டும் சில ஆஸ்பத்திரிகளில் கிடைத்தது. அரசு பிரிட்டனிலிருந்து டாக்டர்களை விமானத்தில் இறக்கியது. திட்டத்தை எதிர்த்துத் தலைநகர் ரெஜைனாவில் 40,000 பேர் திரள்வார்கள் என்றார்கள். வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். கடைசியில் டெய்லர் பிரபு என்ற பிரிட்டிஷ் டாக்டர் நடுவே புகுந்து, 23-ஆம் நாள் ராசி செய்து வைத்தார். அதற்குக் கூலியாக அவர் கேட்டது, வடக்கே ஏரியில் மீன் பிடிக்க ஒரு பயணம். கோழி மீனாக மாறியதுதான் முன்னேற்றம். டாக்டர்களுக்கும் லாபம்தான். வராக்கடன் என்ற சொல்லே அவர்கள் அகராதியிலிருந்து போய்விட்டது.

காப்பீடு கொண்டுவந்த டக்ளஸ் கட்சியின் வாரிசே ஆஸ்பத்திரிகளைப் பூட்டியது 1993-இல். கஜானா காலி. சுமார் பத்து லட்சம் பேரே இருந்த மாகாணத்தில் நூற்றுக்கு மேல் ஆஸ்பத்திரிகள். ஒரே வீச்சில் 52 சிற்றூர் ஆஸ்பத்திரிகள் 'சுகாதார மையம்' ஆயின. பலகை மட்டும் புதுசு, படுக்கைகள் காணோம். தாத்தா கடன் வாங்கிக் கட்டியதைப் பேரன் வாசலில் நின்று பார்த்தான்.

மிஞ்சியவற்றிலும், ஆள் இல்லாமல் அவசரப் பிரிவை அவ்வப்போது மூடுவது இப்போது வாடிக்கை. கிராமத்துக்கு வந்து தங்கும் டாக்டருக்கு ஐந்து ஆண்டுகளில் 2 லட்சம் டாலர் வரை ஊக்கத்தொகை தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. சார்னியாக்காரர்கள் 1,500 டாலரில் கண்டுபிடித்த அதே வைத்தியம்தான், டோஸ் மட்டும் ஏறியிருக்கிறது. கோழியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம்.