மூவடி மண் கேட்ட ஹீட்டர்

ஊட்டியில் சொந்த வீடு என்று சொன்னால் சமவெளியில் இருக்கும் உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எல்லாரும் மே மாதம் வந்து மலர்க்காட்சி பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், தகரக் கூரையும் 14 அடிச் சுவரும் கொண்ட பழைய வீட்டில், தை மாத விடியலில் பல் துலக்கியவர் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. விட்டால் அது வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்து தொலைக்கும். தலைக்குந்தாப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பத்திரிகைகள் வருடாவருடம் படம் போடுகின்றன. எங்கள் ஹாலை இதுவரை யாரும் படம் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்து கணப்புச் சட்டி. "நாலு கரியைப் போட்டு மூட்டிட்டுக் கதவைச் சாத்துடா, அரை மணியிலே கதகதன்னு ஆயிடும்" என்பாள். ஆகும்தான். ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலேயே காரியத்தை முடித்துவிடும். குளிர்காலத்தில் மலையூர்களிலிருந்து வரும் அந்தச் செய்திகளைப் படித்தவன் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கண்டிப்பாக இருக்க வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே விஷயமும் அதுதான்.

அதனால் மின்சார ஹீட்டர். கோயம்புத்தூரில் ஒரு கடையில் ஏறினேன். "வீட்டுக்கா சார், பேக்டரிக்கா?" என்றார் கடைக்காரர். நாற்பது வருடம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? முதுகை நிமிர்த்தி, "பேக்டரி மாடலே காட்டுங்க" என்றேன்.

காட்டினார். 9 கிலோவாட். இரும்பு உடம்பு, தூக்கிப்போக மேலே கைப்பிடி, கையகலப் பிளக்கில் ஐந்து பின். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். "உங்க இடத்திலே மூணு பேஸ் இருக்கில்ல?" என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. "சிங்கிள் பேஸ்ங்க. கார்டிலேயே போட்டிருக்கு. எதுக்குக் கேக்குறீங்க? எங்கே நிக்குறீங்க?" கடைசியில் அதன் தம்பியான 3 கிலோவாட் சிவப்பு ஹீட்டரோடு மலையேறினேன்.

மகள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா, மூணு கிலோவாட்னா அது மூணு கிலோவாட்தான். பேக்டரியிலே இருந்தாலும் சரி, நம்ம ஹால்லே இருந்தாலும் சரி. வாங்கின கரண்டுக்கு மேலே ஒரு சொட்டுச் சூடுகூட எந்தக் காயிலும் தராது." பிசிக்ஸ் படிக்க வைத்தது நான்தான். பெட்டி உறுதி, காற்றாடி பெரிது, நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும் என்று நான் சொன்ன பதிலில் உண்மை இருந்தது. ஆனால் அதைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் கையேடு படிக்கிற ஜீவன் நான் ஒருவன்தான். உரக்கப் படித்தேன். சுற்றிலும் ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்று மேல், காலியாக இருக்க வேண்டும். திரைச்சீலை, சோபா, காகிதம் எதுவும் அதற்குள் வரக் கூடாது. படிக்கிறபோது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது, வாமனன் கேட்டது மகாபலிக்குத் தெரிந்ததைப் போல. முதலடிக்கு சோபா நகர்ந்தது. இரண்டாவது அடிக்கு டி.வி. ஸ்டாண்டும், கல்யாணத்தில் வந்த ஷோகேஸும் போயின. மூன்றாவது அடிக்கு இடம் தேடியபோது எஞ்சியிருந்தது என் சாய்வு நாற்காலி. இப்போது ஹாலில் விசாலமாக வாழ்வது ஹீட்டர் மட்டும்தான்.

எங்கே சொருகுவது என்பது அடுத்த கேள்வி. டி.வி.க்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் உண்டு. செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர், கொசு விரட்டி எல்லாம் அதன் புண்ணியத்தில்தான் வாழ்கின்றன. நான் அதைப் பார்த்ததை, வேலைக்கு வந்திருந்த வயர்மேன் பார்த்துவிட்டார். "சார், ஹீட்டர் 13 ஆம்ஸ் இழுக்கும். அந்தப் பாக்ஸ் ஆறு ஆம்ஸ். கரண்டு ரெண்டு மடங்கானா வயர்லே சூடு நாலு மடங்காகும். மாட்டிப் பாருங்க, ஹீட்டரைவிட ஜங்ஷன் பாக்ஸ் நல்லா சூடு தரும்." ஒயரைச் சுருட்டியே வைத்து ஓட்டினால் சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும் என்றும் சொன்னார். நான் கையேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன், எனக்கும் தெரியும் என்று காட்ட. அவர் வாங்கி, ஸ்குரூ டிரைவரை அதன் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

வீட்டில் ஓடியது மரப்பட்டையின் மேல் போன பழைய பேட்டன் வயரிங். அதைத் தொடாமல், மெயின் போர்டிலிருந்து ஹீட்டருக்கென்றே 4 ஸ்கொயர் செம்பு ஒயர் இழுத்து, தனி 16 ஆம்ஸ் எம்.சி.பி., கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ஸ் ஆர்.சி.சி.பி., ஒரு பவர் சாக்கெட் எல்லாம் போட்டார். பிறகு பழைய சாக்கெட்டுகளைச் சோதித்தவர் சிரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கட்டிய நாளிலிருந்து எர்த் என்பது எங்கள் வீட்டில் அழகுக்காக இருந்திருக்கிறது. இரும்பு உடம்புக்காரனை எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. உள்ளே ஒயர் கழன்று பெட்டியில் பட்டால், தொடுகிறவர்தான் எர்த்.

ஆகவே தோட்டத்தில் குழி. உள்ளே குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. கரி மூட்டை வந்து இறங்கியதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டியிலே போட நாலு கரி கேட்டேன், கூடாதுன்னான். இப்போ மூட்டையா வாங்கி, உப்பைப் போட்டு மண்ணுக்குள்ளே புதைக்கிறான்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அறிவித்தாள். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். எர்த்தின் தத்துவத்தை அம்மாவின் மங்கி குல்லாய்க்கு ஊடாகச் செலுத்த முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஹீட்டர் ஓடியது. தூசி கருகும் வாசனையோடு தொடங்கி, சீக்கிரமே நிஜமான சூட்டைக் கக்கியது. சூடான காற்று மேலே போகும் என்பதையும், எங்கள் வீட்டில் மேலே என்பது 14 அடி என்பதையும் அன்றுதான் சேர்த்து யோசித்தேன். மரக் கூரைத்தட்டுக்கு மேல் குடியிருக்கும் எலிகளுக்கு நல்ல குளிர்காலமாக அமைந்தது. காலை ஆறு மணிக்கு அக்கம்பக்கத்து கீசர்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தால் வோல்டேஜ் விழும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் 3 கிலோவாட் ஹீட்டர் இரண்டே கால் கிலோவாட்டாக இளைத்துவிடும். காற்றாடியின் சத்தம் இறங்குவதை வைத்து, எந்த வீட்டில் யார் குளிக்கப் போனார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் தேறியிருக்கிறேன். மனைவி இந்தத் திறமையை வெளியில் சொல்ல வேண்டாம் என்கிறாள்.

உண்மையான யுத்தம் துணிகளோடு. இந்த ஊரில் துவைத்த துணி காய்வது தெய்வச் செயல். மூன்று கிலோவாட் சூடு சும்மா காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டு, ஈர ஸ்வெட்டரைக் கையில் வைத்திருக்கும் பெண்மணியைத் தடுப்பது லேசான காரியமா? "மேலே போடலீங்க, ஓரமா கைப்பிடியிலே" என்பாள். துணி விழுந்து காற்று போகும் வழியை அடைத்தால் சூடு உள்ளேயே தேங்கும். தெர்மல் கட்-அவுட் விழுந்தால் அதிர்ஷ்டம், துணி பற்றினால் வீடு. இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொடி கட்டிச் சமாதானம் ஆனோம். ஹாலில் இப்போது என் வேட்டிகள் தொங்குகின்றன. வருகிற விருந்தினர் அவற்றை விலக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த ஹீட்டரை அடுத்த குளிருக்கு எடுத்துப் போட்டால், போட்ட நொடியில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தைக் குடித்துவிடுமாம். அதனால் கரண்டு கசியும். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொன்ன ஒரு நண்பரை அன்றோடு நான் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. வயர்மேன் ஹீட்டரைத் தூக்கிப் போய் நன்றாகக் காயவைத்து, கசிவு இல்லை என்று மெக்கர் போட்டுச் சோதித்துக் கொண்டுவந்தார். "ஹீட்டரைக் காயவைக்க இன்னொரு ஹீட்டர் வாங்கணுமாங்க?" என்று மனைவி கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

ராத்திரியில் அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சட்டென்று பிளக்கைப் பிடுங்கக் கூடாது. சூட்டை நிறுத்திவிட்டுக் காற்றாடியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, காயில் ஆறிய பிறகு சுவிட்சை அணைக்க வேண்டும். ஆளில்லாத அறையில் ஓடவிடக் கூடாது என்பதால், எல்லாரும் படுத்த பிறகு அதற்குத் துணையாக ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பது நான். நடுவில் கரண்டு போனால் இருட்டில் தடவிப் போய் சுவிட்சை அணைப்பதும் நான். கரண்டு திரும்பும் நேரத்தில் வீடே தூங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

மணிக்கு மூன்று யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் யூனிட்டெல்லாம் ஹீட்டர் ஒன்றுக்கே சில நாளில் தீர்ந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே வேறு. இந்த முறை ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், கார்டில் பழைய கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டுக் கனெக்ஷன்தானே சார் இது? உள்ளே ஏதாச்சும் பேக்டரி ஓடுதா?"

நான் முதுகை நிமிர்த்துவதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஓடுதுங்க. இவர்தான் நைட் ஷிப்ட்."