கோழிச் சாளைக்கு மோட்டார் மாட்டும் மாப்ளைக்கு

ஏம்ப்பா மாப்ளே, கோழிச் சாளைக் கதவு தானா ஏறி இறங்கறாப்பல மோட்டார் மாட்டப் போறயாமா? உங்கம்மா ஊருபூராச் சொல்லிக்கிட்டுத் திரியுது. நல்லது. நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்ச படிப்பு கோழிக்காவது ஆகட்டும்.

மோட்டாரை ஓட்டறதுக்குப் படிப்பே வேண்டாம். ரெண்டு ஒயரை பேட்டரியில தொட்டா ஓடும். என்ற பேத்தியே ஓட்டிருவா. நிறுத்தறதுக்குத்தான் ஆளு வேணும். நீ என்னமோ போர்டுல புரோகிராம் எழுதி, 'பத்து செகண்டு ஓடு, அப்பறம் நில்லு'ன்னு சொல்லி வெச்சிருக்கறயாமா. பேட்டரி இறங்கிக் கெடந்தா அந்தப் பத்து செகண்டுல கதவு பாதிதான் ஏறும். சார்ஜ் நிறைஞ்சிருந்தா முழுக்க ஏறின பொறவும் இழுத்துக்கிட்டே நிக்கும். போர்டு நடுவுல மலைச்சுப் போச்சுன்னா ரிலே புடிச்சது புடிச்சபடி. நிறுத்தற வேலை ஒயர்லயே இருக்கோணும் மாப்ளே. புரோகிராம் அதுக்கு மேல எத்தனை வேணாலும் ஆடிக்கட்டும்.

அதுக்குத்தான் மேல ஒரு லிமிட் சுவிட்சு, கீழ ஒண்ணு. கீழ எதுக்கு, கதவு தரையைத் தொட்டா நின்னு போகுமேன்னு கேப்ப. கேளு, கேளு. நீ கட்டப் போறது கயிறு. கதவு தரையில உக்காந்தாலும் மோட்டார் கயிறை விட்டுக்கிட்டே இருக்கும். உருளையில இருக்கற கயிறு பூரா அவுந்து, அப்பறம் எதிர்ப்பக்கமாச் சுத்த ஆரம்பிக்கும். அப்ப என்ன ஆகும்? மூடின கதவு மறுபடியும் மேல ஏறும். நடுராத்திரியில கீரிப்புள்ளைக்குக் கதவைத் தொறந்து விட்டுப்போட்டு நீ குறட்டை விட்டுக்கிட்டு இருப்ப.

வைப்பர் மோட்டார் வாங்கி வெச்சிருக்கறயாமா, அதைக் குடுத்துரு. அதுல பலதுக்கு மைனஸ் பாடியிலயே வரும். திருப்பி ஓட்டறதுக்குப் பிளஸ் மைனஸை மாத்தினா பாடியில பிளஸ் வந்து நிக்கும். மாட்டின இரும்புச் சட்டம் பேட்டரி மைனஸோட சேந்திருந்தா பியூஸ் போகும். பியூஸ் போடாத புண்ணியவானா இருந்தா ஒயரே போகும். பழைய கார்ல கண்ணாடி ஏத்தி இறக்கற 12 வோல்ட் மோட்டார் கெடைக்கும், அதைப் புடி. ரெண்டு பக்கமும் ஓடறதுக்குன்னே செஞ்சது. உள்ள இருக்கற மரை கியர் எதிர்ப்பக்கமாச் சுத்த விடாது, அதனால கரண்டு நின்னாலும் கதவு தொப்புன்னு விழாது.

ரிலேன்னு நீலக் கலர்ல ஒண்ணு வாங்கியாந்தயே, அதுல 10 ஆம்பியர்னு எழுதியிருக்குதே, படிச்சயா? கதவு எங்கயாவது இறுகிச்சுன்னா இந்த மோட்டார் 20 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கார்ல வர்ற அஞ்சு கால் ரிலே ரெண்டு வாங்கு. 30, 40 ஆம்பியர் தாங்கும். அடியில கால் நம்பரே போட்டிருக்கும்: 30, 85, 86, 87, 87ஏ. மோட்டாரோட ஒரு ஒயரு ஒரு ரிலேயோட 30-க்கு, மத்த ஒயரு அடுத்த ரிலேயோட 30-க்கு. ரெண்டுலயும் 87 பேட்டரி பிளஸுக்கு, 87ஏ மைனஸுக்கு. எதுவும் இழுக்காதப்ப மோட்டாரோட ரெண்டு முனையும் மைனஸ்லயே கெடக்கும். ஓடிக்கிட்டிருந்த மோட்டார் அதனாலயே சட்டுன்னு புடிச்சு நிக்கும். ஒரு ரிலே இழுத்தா ஏறும், இன்னொண்ணு இழுத்தா இறங்கும். கை தவறி ரெண்டையும் ஒண்ணா இழுத்துட்டாலும் ரெண்டு முனையும் பிளஸ்ல நிக்கும், அவ்வளவுதான்; புகை வராது. இதைக் கண்டுபுடிச்சவன் உன்ற மாதிரி ஆளை முன்னாடியே பாத்திருக்கோணும்.

இப்ப லிமிட் சுவிட்சு. அதை மோட்டார் ஒயர்ல கொண்டுபோய் மாட்டாதே. ரிலே காயிலுக்கு (அந்த 85, 86 கால்) போற ஒயர்ல போடு. காயில் இழுக்கறது 0.15 ஆம்பியர் இருந்தாப் பெரிசு. சின்ன சுவிட்சே காலத்துக்கும் தாங்கும். ஏத்தற ரிலே காயிலுக்கு மேல் சுவிட்சு வழியா, இறக்கற ரிலே காயிலுக்குக் கீழ் சுவிட்சு வழியா. மேல போய் நின்ன கதவு இறங்கறதுக்கு ஒரு தடையும் இல்லே, அது வேற காயில். உம்பட போர்டு அந்த 0.15-ஐயும் நேராக் குடுக்காது, நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் வேணும். அது உனக்குத் தெரியும். தெரியாட்டித் தெரிஞ்ச மாதிரி இரு. காயிலுக்குக் குறுக்கால ஒரு டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு. காயில் விடறப்பத் துள்ளற வோல்டேஜை அது தின்னுரும், டிரான்சிஸ்டர் பொழைக்கும்.

சுவிட்சுல மூணு கால் இருக்கும். அமுக்காதப்பச் சேந்திருந்து, அமுக்கினா விட்டுப்போற ரெண்டு காலை எடுத்துக்க. உம்பட புத்திக்கு, அமுக்கினாச் சேர்ற காலை எடுத்து 'தொட்டுச்சு'ன்னு போர்டுக்குச் சேதி சொல்லலாம்னு தோணும். சாளையில எலி இருக்குது. அது ஒயரைக் கடிச்சுட்டாச் சேதி வராது, மோட்டார் நிக்காது. நான் சொன்னபடி போட்டா, எலி கடிச்சாக் கதவு அசையாமக் கெடக்கும். காலையில கோழி கத்தி உன்னை எழுப்பும், அதுவும் ஒரு லாபம்.

கோழியை உள்ள விடறதுக்கு முந்தி, கதவு நடுவுல ஏறிக்கிட்டிருக்கறப்பவே மேல் சுவிட்சைக் கையால அமுக்கிப் பாரு. நின்னாச் சரி. நிக்காம, கீழ் சுவிட்சை அமுக்கினா நிக்குதுன்னா ரெண்டும் மாறிப் போச்சு. ஏணி வெச்சு ஏறிச் சுவிட்சைக் கழட்டாதே, மோட்டாரோட ரெண்டு ஒயரை மாத்திக் குடு, புரோகிராம்ல ஏத்தறதையும் இறக்கறதையும் மாத்தி எழுது. சுவிட்சைக் கதவு கடைசியா முட்டற எடத்துல வெக்காம விரக்கடை முன்னாலயே வெய்யி.

ஒண்ணு பாக்கி. ரிலேக்குள்ள காண்டாக்ட் உருகி ஒட்டிக்கிச்சுன்னா லிமிட் சுவிட்சு காயிலை விட்டாலும் மோட்டார் நிக்காது. அன்னைக்குக் காப்பாத்தறது பேட்டரி பிளஸ் பக்கத்துல நிக்கற பியூஸ்தான். செவப்புக் கலர் 10 ஆம்பியர் போதும். அது அடிக்கடி போகுதுன்னு ஒயர்த் துண்டைச் சுத்தி வெச்சயின்னா எங்கிட்ட வராதே. கதவு எங்க புடிக்குதுன்னு பாத்துத் தேச்சு விடு.

எல்லாம் முடிச்சு, சுவிட்சை அமுக்கிப் பாத்துட்டு, அப்பறமா என்னையக் கூப்புடு. அதுவரைக்கும் பொழுது சாய உங்கம்மாவே கதவைச் சாத்தட்டும்.