கொட்டை எடுத்த புளி

உயில் எழுதப் போகிறேன் என்று சொன்ன அன்று ராத்திரி, களி கிண்டியிருந்த வீட்டில் எனக்கு மட்டும் ரசம் சாதம் வந்தது. "டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க" என்றாள் மனைவி. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஏரியூர் கடைத்தெரு வரைக்கும் சேதி போய்விட்டது. மூன்று பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

எனக்கு 58 வயது. ஒரு பையன், ஒரு பெண். இரண்டு ஏக்கர் மானாவாரி, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வரப்போரம் ஒரு புளியமரம். பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதி வைத்தார். வழக்கெல்லாம் ஓய்ந்து அவர் பணத்தில் பள்ளிக்கூடம் திறக்க 1842 ஆகிவிட்டது. அத்தனை பெரிய மனிதர் சொத்துக்கே 48 வருஷம் என்றால் என் புளியமரத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுத்தான் பென்னாகரத்துக்கு பஸ் ஏறினேன்.

பத்திரம் எழுதுபவர் தைரியம் சொன்னார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. 1925-ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு சாட்சி மட்டும் வேண்டும். அதற்கென்றே கூட்டிப்போயிருந்த 71 வயது நண்பரைப் பெருமையாக முன்னால் தள்ளினேன். பத்திரம் எழுதுபவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாட்சி உங்களுக்கு அப்புறமும் இருக்கணுங்க. நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்லணுமில்ல" என்றார். திரும்பி வரும்போது நண்பர் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அதோடு விட்டதா? பட்டாவை விரித்தால் அது கூட்டுப் பட்டா. பதினோரு பெயரில் ஏழு பேர் மேலே போய்விட்டார்கள். முதல் பெயர் தாத்தா, 1981-இல் காலமானவர். மோட்டார் சர்வீஸும் அவர் பெயரில்தான். உயிரோடு இருந்தவரை ஏற்றம் இறைத்த மனுஷன், செத்த பிறகு இலவச மின்சாரத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். "உங்க பங்குன்னு உயில்ல எழுதிடலாம், எது உங்க பங்குன்னு பசங்க அடிச்சுக்குவாங்க. முதல்ல பாகப்பிரிவினை பண்ணுங்க. தாத்தா எழுதி வைக்காமப் போனதால மகளுக்கும் பங்கு உண்டு. அத்தை இருக்காங்களா?" என்று கேட்டார் பத்திரம் எழுதுபவர்.

இருக்கிறார். 84 வயது, பண்ணவாடிப் பக்கம். நாகமரையில் படகு ஏறினேன். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது முங்கிய ஊர்களின் மேலேதான் படகு போகிறது. தண்ணீர் இறங்கிக் கிடந்ததால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையை நீட்டியிருந்தது. கீழே எத்தனை வரப்புச் சண்டை ஊறிக் கிடக்கிறதோ.

அத்தை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். பத்திர நகலைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் படித்தார்.

"ஒரு பொங்கச் சீருக்கு வராதவன், கையெழுத்துன்னதும் படகேறி வந்துட்டியா சாமி?"

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிலம் எனக்கெதுக்கு. அந்த மரம் எங்கப்பன் வச்சது. வருசா வருசம் மாசியில பத்துக் கிலோ புளி வந்துரணும். கொட்டை எடுத்தது."

"நானே கொண்டாந்து தர்றேன் அத்தை."

"நீ தருவ. உனக்கப்புறம்? உம்பையன் தருவானா? அதையும் எழுத்துல போடு."

மறுவாரம் பத்திரம் எழுதுபவர் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். "அத்தைக்கு வயசு 84-ன்னீங்க. உயில் உங்களுக்கு அப்புறம்தானுங்களே நடைமுறைக்கு வரும்?"

"ஆமாங்க. அத்தைக்கும் அது தெரியும். எழுதுங்க."